டைட்டர் 4 என்றால் போட்ட ஊசி வீணா?

வார்டு7: "கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்குத் தடுப்பூசி மூன்று டோஸ் போட்டாச்சென்றால் ஆயுசுக்கும் கவலையில்லை" என்று நேற்று இங்கே ஒருவர் அளந்துவிட்டிருந்தார். நான் ஸ்டாஃப் நர்ஸ். படிக்கும்போதே மூன்றும் போட்டேன். பதினைந்து வருஷம் கழித்து, போன மாதம் டைட்டர், அதாவது ரத்தத்தில் இந்த வைரஸை எதிர்க்கும் ஆன்டிபாடியின் அளவு, பார்த்தால் 4. குறைந்தது 10 வேண்டும். எங்கே போனது ஆயுசு?

பழையபிப்பெட்: அளந்தவன் நான்தான், சிஸ்டர். லேப்பில் முப்பது வருஷம் ரத்தத்தோடு புழங்கியவன். 1997-இல் ஐதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் ஊசி வந்துதான் விலை இறங்கியது. அதற்கு முன்பே சொந்தக் காசில் போட்டுக்கொண்டேன். அந்த 10, கடைசி டோஸ் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் பார்க்க வேண்டியது. அப்போது தாண்டியவருக்குப் பிறகு இறங்கினாலும் உடம்பு மறக்காது. இந்த வைரஸ் நோயாகக் கிளம்பவே இரண்டு மூன்று மாதம் ஆகும், அதற்குள் ஆன்டிபாடி மறுபடி எழும்பிவிடும். அப்போது பார்த்தீர்களா?

வார்டு7: வரிசையில் நிற்க வைத்துக் குத்தி அனுப்பினார்கள். யார் பார்த்தது? இப்போது 4. அது 10 இல்லை சார்.

தேம்ஸ்கரை: இங்கே இங்கிலாந்தில் 100 இருந்தால்தான் திருப்தி. 10-க்கும் 100-க்கும் நடுவே நின்றால் இன்னொரு டோஸ் உண்டு.

பழையபிப்பெட்: வந்துவிட்டார்! சர்க்கரை பற்றிப் பேசினாலும் "இங்கே இங்கிலாந்தில்", சாம்பார் பற்றிப் பேசினாலும் "இங்கே இங்கிலாந்தில்". அமெரிக்காவில் 10-தான்.

தேம்ஸ்கரை: சாம்பார் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி.

பச்சிலை: ஊசிக்கு ஏன் இத்தனை சண்டை? கீழாநெல்லி இருக்கிறதே. சென்னை ஆய்வு 1988-இல் லான்செட் மருத்துவ இதழிலேயே வந்தது.

பழையபிப்பெட்: வந்தது. 59 சதவீதம் பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது என்றார்கள். பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அப்படி வரவில்லை. அதுவும் கிருமி ஏற்கெனவே தங்கிப்போனவர்களுக்குக் கொடுத்தது. தடுப்புக்கு இல்லை.

பச்சிலை: வெள்ளைக்காரன் சொன்னால்தான் நம்புவீர்கள்.

பழையபிப்பெட்: லான்செட் என்ன மாம்பலத்திலா அச்சாகிறது?

நைட்டூட்டி: ஹவுஸ் சர்ஜன் பேசுகிறேன். தடுப்பு இல்லாதவருக்கு, ஹெபடைடிஸ் பி உள்ள நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் குத்தினால், அந்த நோயாளியைப் பொறுத்து 6 முதல் 30 சதவீதம் வரை தொற்றலாம். எச்ஐவி-க்கு அது 0.3தான். அக்கா, ஒரு டோஸ் போட்டுவிட்டு ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். 10 தாண்டினால் உடம்புக்கு ஞாபகம் இருக்கிறது. தாண்டாவிட்டால் மீதி இரண்டு டோஸையும் போட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

பழையபிப்பெட்: தம்பி, நான் சொன்னதையே என்னிடம் திருப்பிச் சொல்லாதே. அந்த 10-ஐ எப்போது பார்த்தார் என்பதுதான் கேள்வி.

வார்டு7: நாளைக்கு எனக்கு அப்படி ஊசி தவறிக் குத்தினால், "4 போதும், பயப்படாதே" என்று எழுதிக் கொடுப்பீர்களா சார்?

பழையபிப்பெட்: முதலில் என் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அப்போது பார்த்தீர்களா, இல்லையா?

வார்டு7: 4.

தேம்ஸ்கரை: 100.