கடைப் பட்டியலுக்கு முன் நெல்லின் பருவத்தைப் பாருங்கள்: வடதாய்லாந்தின் புவாவில் நிதானமாக ஒரு காபிப் பயணம்

வேலை நிமித்தம் பாங்காக்கில் குடியேறி, வாடகை வீடும் வங்கிக் கணக்கும் ஒருவாறு அமைந்தபின், வயல்வெளிக்கு நடுவே இருக்கும் காபிக் கடைகளைப் பார்த்துவர வேண்டும் என்ற ஆசை நம்மவர்களில் பலருக்கும் வருகிறது. பெரும்பாலோர் படங்களைப் பார்த்துக் கடைகளின் பட்டியல் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கிடைத்த விடுமுறையில் கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் படங்களின் அழகு முழுவதும் நெல்லினுடையது என்பதால், நாம் போகும் வாரத்தில் வயலில் பயிர் எந்த நிலையில் இருக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கடைகளைப் பிறகு தேர்ந்துகொள்ளலாம்.

இந்தப் பயணத்திற்கு நான் பரிந்துரைக்கும் இடம், வடக்கே லாவோஸ் எல்லையை ஒட்டிய ‘நான்’ மாகாணத்தில் உள்ள புவா வட்டாரம். தோய் பூ கா மலைத்தொடரின் அடியில் விரியும் இந்தப் பள்ளத்தாக்கில் நெல் பெரும்பாலும் மழையை நம்பியே விளைகிறது. ஜூன், ஜூலையில் நடவு நடக்கும், ஆகஸ்டு, செப்டம்பரில் வயல் முழுப் பச்சையாக இருக்கும், அக்டோபரில் கதிர் முற்றத் தொடங்கி, மாதக் கடைசியிலிருந்து பொன்னிறமாகும், நவம்பரில் அறுவடை. டிசம்பரில் குளிர் இதமாக இருந்தாலும், வயலில் பெரும்பாலும் அடித்தாளைத்தான் பார்க்க முடியும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வட மாகாணங்களில் காடும் மக்காச்சோளத் தட்டையும் எரியும் புகை சூழ்ந்துகொள்வதால், ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளை அழைத்துச் செல்பவர்களும் அந்த மாதங்களைத் தவிர்ப்பதே நல்லது.

பச்சைப் பயிர்தான் வேண்டும் என்றால் செப்டம்பர் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அது மழை உச்சத்தில் இருக்கும் காலம். 2024 ஆகஸ்டில் இந்த மாகாணம் கடும் வெள்ளத்தில் சிக்கியது. ஆகவே அக்டோபரின் பிற்பாதியே என் தேர்வு. மழை குறைந்திருக்கும், காலையில் மூடுபனி இறங்கும், ஒரு பாத்தி பச்சையும் அடுத்த பாத்தி மஞ்சளுமாக வயல்கள் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். நம்மவர்களுக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. பாங்காக் சீலோம் மாரியம்மன் கோயிலின் நவராத்திரி விழாவையும் விஜயதசமி ஊர்வலத்தையும் விட மனமில்லாதவர்கள், அவற்றை முடித்துக்கொண்டு நிம்மதியாகப் புறப்படலாம். அக்டோபர் 13, 23 ஆகிய இரண்டும் அரசு விடுமுறை நாட்கள். அவை வார இறுதியோடு சேர்ந்து வந்தால் பாங்காக்கே அங்கு வந்துவிட்டது போன்ற கூட்டம் இருக்கும் என்பதால் அந்த நாட்களை ஒதுக்கிவிடுங்கள். அக்டோபரில் விடுப்புக் கிடைக்காதவர்கள், பாசன வசதியால் ஆண்டுக்கு இருபோகமும் அதற்கு மேலும் விளையும் மத்திய சமவெளியின் சுபன்புரி பக்கம் போகலாம். அங்கே மலை இல்லை, ஆனால் பிற மாதங்களிலும் பயிர் நிற்கும்.

பாங்காக் தோன் முவாங் விமான நிலையத்திலிருந்து ‘நான்’ நகரத்திற்கு ஒன்றரை மணி நேரத்திற்குள் பறந்துவிடலாம். ரயில் அங்கே போவதில்லை. இரவுப் பேருந்து உண்டு. நகரத்திலிருந்து புவா வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், 1080ஆம் எண் நெடுஞ்சாலையில் இருக்கிறது. பேருந்தில் புவா வரை போய்விடலாம் என்றாலும், அதற்கு மேல் கடைகள் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தள்ளி வயல்களுக்குள் இருப்பதால் சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இல்லாமல் சிரமம்தான். கைப்பேசிச் செயலியில் அழைத்தால் பாங்காக்கில் வருவதுபோல் இங்கே வண்டி வரும் என்று நம்பிப் போக வேண்டாம்.

வண்டி என்றதும் உரிமத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கும் நம் ஊரைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் கை உடனே பழகிவிடும். அந்தத் தைரியத்தில் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்துவிடுகிறோம். கார் ஓட்ட மட்டும் உரிமம் வைத்திருப்பவர் ஸ்கூட்டரில் விழுந்தால், காப்பீட்டு நிறுவனம் மருத்துவச் செலவைத் தர மறுக்கலாம். இந்தியாவிலிருந்து புறப்படுமுன் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஓராண்டு செல்லும். அதில் மோட்டார் சைக்கிள் பிரிவு முத்திரையிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிலையாகத் தங்கப் போகிறவர்கள் தாய்லாந்து உரிமத்தையே எடுத்துவிடுவது சிறந்தது. புவாவிலிருந்து தோய் பூ கா தேசியப் பூங்கா வழியாக போ குளுவா என்ற ஊருக்குச் செல்லும் 1256ஆம் எண் சாலை மிக அழகானது. ஆனால் செங்குத்தான ஏற்றமும் கொண்டையூசி வளைவுகளும் நிறைந்தது. மலைச் சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் அதை விட்டுவிட்டுப் பள்ளத்தாக்கிலேயே சுற்றுவதில் குறை ஒன்றுமில்லை.

புவாவில் இரண்டு இரவுகளாவது தங்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு கடைகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து கடைகளுக்கு ஓடினால் ஒவ்வொன்றிலும் படம் எடுக்க மட்டுமே நேரம் இருக்கும், காபியும் வயிற்றைப் புரட்டும். காலையில் பனி விலகுமுன் ஒரு கடையில் அமர்ந்து, வெயில் ஏறும்வரை அங்கேயே இருங்கள். வயலுக்குள் கால் நட்டு மூங்கில் நடைபாதை போட்டிருப்பார்கள். அதில் நடக்கும்போது முற்றிய கதிர்கள் முழங்கால் உயரத்தில் இருபுறமும் தலைசாய்ந்து நிற்கும், கீழே ஈரமண் வாடை எழும். இங்கே வாழும் தாய் லூ இன மக்கள் நெசவில் தேர்ந்தவர்கள் என்பதால், சில இடங்களில் முன்னால் துணிக்கடையும் பின்னால் வயலைப் பார்த்த ஓலைக் குடில்களும் சேர்ந்தே இருக்கும். அங்கே ஓடும் நீர்போல அலையலையாக நெய்த துணியைத் தவறாமல் பாருங்கள். அது இந்த மாகாணத்தின் அடையாளம். இடையே வாட் பூக்கெட் கோயிலின் மேல்தளத்தில் நின்றால் பள்ளத்தாக்கின் வயல்கள் கண்முன் விரியும். வரைபடத்தில் தேடும்போது புவா என்ற பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது உங்களைத் தெற்கே அதே பெயரில் உள்ள தீவுக்கு அனுப்பிவிடும்.

பல கடைகள் மாலை ஐந்து மணியளவில் மூடிவிடுகின்றன. சமையலறை அதற்கும் முன்பே நின்றுவிடும். வாரநாட்களில் ஒரு நாள் விடுமுறை விடுவதும் வழக்கம். கூகுளில் திறந்திருப்பதாகக் காட்டினாலும் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தை அன்று காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

வட மலைகளில் விளைவது அராபிகா. ஃபில்டர் காபிக்குப் பழகிய நாக்குக்கு இளவறுவல் புளிப்பாகத் தோன்றக்கூடும். ‘குவா கெம்’ என்று கேட்டால் கருவறுவல் கொட்டையில் போட்டுத் தருவார்கள். சொல்லாவிட்டால் இனிப்பு மிகுதியாக இருக்கும் என்பதால் ‘வான் நோய்’ (இனிப்புக் குறைவாக) என்று சேர்த்துச் சொல்லுங்கள். காபி குடிக்காதவர்களுக்கு எலுமிச்சை பிழிந்த சங்குப்பூச் சாறு பல கடைகளில் கிடைக்கும்.

சைவ உணவுக்காரர்கள்தான் கூடுதலாக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். காய்கறி வறுவலிலும் மீன் சாறோ சிப்பிச் சாறோ சேர்ப்பது இங்கே இயல்பு. இறைச்சி வேண்டாம் என்றால் அவற்றையும் நீக்குவார்கள் என்று எண்ண வேண்டாம். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்திட்ட ‘ஜே’ எனப்படும் சைவ உணவகங்களில் முட்டைகூட இருக்காது. ஆனால் இங்கே அவை பெரும்பாலும் ஊருக்குள் சந்தையை ஒட்டித்தான் கிடைக்கும். ஆகவே இறைச்சி, மீன் சாறு, சிப்பிச் சாறு மூன்றும் வேண்டாம் என்று தாய் எழுத்தில் எழுதிய குறிப்பைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். மதியத்திற்குப் பழமும் கொஞ்சம் தயிரும் வாங்கி வைத்துக்கொண்டால் கவலை இல்லை. பணத்திற்கு, உள்ளூர் வங்கிக் கணக்கு இருந்தால் க்யூஆர் குறியீட்டை வருடியே கொடுத்துவிடலாம். இல்லாதவர்கள் ரொக்கத்தை ‘நான்’ நகரத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு அட்டைக்கு ஏடிஎம்களில் ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிப்பதால் ஒரே தடவையாக எடுப்பதே சிக்கனம்.

நாம் படம் எடுக்கும் வயல் ஒரு குடும்பத்தின் அந்த ஆண்டுச் சோறு. நடைபாதையை விட்டு இறங்கிப் பயிருக்குள் நிற்பதோ, குழந்தைகளை வரப்பில் ஓடவிடுவதோ கூடாது. ஆளுக்கு ஒரு பானமாவது வாங்கிவிட்டு அமர்வதே முறை. மேடையேறுமுன் காலணியைக் கழற்ற வேண்டுமா என்று வாசலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் அழைத்துச் செல்வதாக இருந்தால், பல குடில்களில் தரையில் பாய் விரித்துத்தான் உட்கார வைப்பார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அங்கே எழுந்து உட்காருவது கடினம். நாற்காலியும் மேசையும், அருகிலேயே கழிவறையும் இருக்கும் கடைகளைப் படங்களில் பார்த்து முன்கூட்டியே தேர்ந்துவிடுங்கள்.