போனஸ் வாங்கிய கையோடு டெய்லர்கள் நின்றுவிடுகிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி, எல்லாரும் பீஸ் ரேட் டெய்லர்கள், தைக்கும் பீஸ் கணக்கில்தான் கூலி. தீபாவளி போனஸோடு ஊருக்குப் போனால் பாதிப் பேர் திரும்புவதில்லை, பக்கத்தில் பீஸுக்குப் பத்து பைசா கூடக் கிடைத்தால் அங்கே போய்விடுகிறார்கள். எப்படித்தான் பிடித்து வைப்பது?

பதில் 1: பத்து பைசா மட்டும் காரணமில்லைங்க. வெட்டிய துணி (கட்டிங்) வராமல் மதியம் வரை சும்மா உட்கார்ந்தால் பீஸ் ரேட்காரருக்கு அன்றைய கூலியே போச்சு. முதலில் அதைப் பாருங்கள்.

பதில் 2: 8.33 சதவீதம் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச போனஸ், அதைக் கொடுத்துவிட்டுத் தர்மம் செய்ததுபோல் பேசாதீர்கள். அப்புறம், ஆல்டர் (தையல் தப்பித் திருத்தத் திரும்பும் பீஸ்) வந்தால் சூப்பர்வைசர் லைன் நடுவில் கத்தாமல் தனியாகக் கூப்பிட்டு, தையல் எங்கே விட்டது என்று காட்டட்டும்.

கேட்டவர்: சரிங்க. சும்மா இருக்கும் நேரத்துக்கு பீஸ் கணக்கு இல்லாமல் நேரக் கணக்கில் ஷிப்ட் கூலி போட்டுக் கொடுக்கலாமா?

பதில் 1: தாராளமாக. சனிக்கிழமை சம்பளத்திலேயே சேர்த்துக் கொடுங்கள்.