அம்மாவுக்கு ஏத்துன குமிழி எங்க போச்சு?

ராயபுரத்தான்: அம்மாவுக்கு ஈரல்ல கட்டி. கிட்னி வீக்குன்னு காட்டுற கிரியாட்டினின் 2.8, அதனால சாயம் ஏத்துற சிடி வேணாம்னு, படம் தெளிவா தெரிய குமிழி ஊசி போட்டு அல்ட்ராசவுண்ட் பாத்தாங்க. நர்ஸ் குப்பிய குலுக்குனதும் பால் மாதிரி ஆச்சு. "ரத்தத்துல காத்த ஏத்திட்டானுங்கடா"ன்னு அம்மா காசிமேடு மார்க்கெட் பூரா சொல்லிட்டாங்க. கிட்னி வழியாதானபா வெளிய வரணும்? இன்னா ஆவும்?

ஸ்கேன்_தண்டையார்பேட்டை: கிட்னிக்கு இதுல வேலையே இல்ல தலைவா. குமிழி சராசரி 2.5 மைக்ரான், சிவப்பணுவே 7-8, ரத்தக்குழாய அடைக்காது. உள்ள இருக்குறது சல்ஃபர் ஹெக்சாஃப்ளோரைடுங்குற வாயு. குமிழி உடைஞ்சா வாயு ரத்தத்துல கரைஞ்சு நுரையீரல் போய் மூச்சோட வந்துரும். 2 நிமிஷத்துல 80 சதவீதத்துக்கு மேல, 15 நிமிஷத்துல கிட்டத்தட்ட மொத்தமும். குமிழியோட மேல்தோல் பாஸ்போலிப்பிட்ங்குற கொழுப்பு, முட்டை மஞ்சக்கருவுல இருக்குற சாதி. உடம்பு தன் கொழுப்போட சேத்துக்கும்.

பெரம்பூர்_அக்கா: எல்லா குமிழியும் ஒண்ணு இல்ல தம்பி. சோனாசாய்டுன்னு வேற குமிழி மருந்துன்னா, ஈரல்ல வேத்துப்பொருள முழுங்குற குப்ஃபர் செல் அத முழுங்கும், அங்க கொஞ்ச நேரம் தங்கும்.

ராயபுரத்தான்: ஸ்கேன் ரூம்லயே மூச்சு வழியா வெளிய விட்டுட்டாங்களா! அப்புறம் எதுக்கு அரைமணி உக்கார வெச்சாங்க?

ஸ்கேன்_தண்டையார்பேட்டை: அது அலர்ஜி வருதான்னு பாக்க. அபூர்வம்தான், ஆனா வந்தா உடனே வரும்.