வேளாண் மண்டலத்தைக் குடியிருப்பாக மாற்ற அறிவிப்பு: ஆட்சேபம் எப்படி எழுதுவது?

தெற்குவாசி:
தென் சென்னையில் மேடவாக்கம், சித்தாலப்பாக்கம் பக்கம் ஓர் ஏரிக் கலங்கலுக்கு (உபரிநீர் வழியும் இடம்) கீழே 7 ஏக்கர் தரிசு. முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) வேளாண் மண்டலம். குடியிருப்பாக மாற்றக் கேட்டிருப்பதாக நாளிதழில் அறிவிப்பு வந்திருக்கிறது. நலச்சங்கத்தில் 300 கையெழுத்து வாங்கி ஒரே மனுவாகக் கொடுக்கலாம் என்கிறார்கள். போதுமா? இல்லை, நேரே பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா?

புலப்படம்:
ஒரே வாசகத்தில் 300 கையெழுத்து வாங்கினால் அது ஒரு ஆட்சேபம்தான். அதைவிட, ஆளுக்கொரு காரணத்தை எடுத்துக்கொண்டு ஆதாரத்தோடு 10 கடிதம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் அதிகாரிகள் பதில் குறிப்பு எழுத வேண்டிவரும்.

முதல் வேலை சர்வே எண். அறிவிப்பில் உள்ள கிராமப் பெயர், உட்பிரிவு எண் எல்லாவற்றையும் அப்படியே எழுதுங்கள். 142/2A என்பதை வெறும் 142 என்று எழுதினால், 'குறிப்பிட்ட நிலம் இதுவல்ல' என்று ஒதுக்க அதுவே போதும். பிறகு இணையத்தில் 'அ' பதிவேடும் (நிலத்தின் வகைப்பாடு உள்ள கிராமப் பதிவேடு) புலப்படமும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) எடுங்கள். நிலத்தின் நடுவே வாய்க்கால் புறம்போக்கு தனி எண்ணாக ஓடுகிறதா பாருங்கள். மனைப்பிரிவு வரைபடத்தில் காணாமல் போவது பெரும்பாலும் அதுதான். இன்றைய 'அ' பதிவேட்டை மட்டும் நம்ப வேண்டாம். யுடிஆருக்கு (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். வகைப்பாடு மாறியிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

பட்டா யார் பேரில் என்ற சண்டைக்கே போகாதீர்கள். இது 1971 நகர் ஊரமைப்புச் சட்டம் 32(4) கீழ் உபயோக மாற்றம். உரிமை இங்கே கேள்வியே இல்லை, தண்ணீர் எங்கே போகும் என்பதுதான் கேள்வி.

கடிதத்தை எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் உள்ள சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அறிவிப்பில் உள்ள கெடு முடிந்து மறுநாள் போனால்கூட வேலைக்காகாது.

மழைமானி:
வெள்ளப் படங்களைப் பற்றி ஒன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் படங்கள் எல்லார் கைபேசியிலும் இருக்கும். இடுப்பளவு நீரில் ஆள் நிற்கும் படத்தால் பயனில்லை. மின்கம்பம், மதகு, பாலச் சுவர் போல அசையாத ஒன்றில் நீர் எட்டிய இடம் தெரிய வேண்டும். தேதி தெரியும் மூலக் கோப்பாகவும் இருக்க வேண்டும் (வாட்ஸ்அப்பில் சுற்றியது வேண்டாம்). 2015 முதல் கூகுள் எர்த் பழைய படங்களையும் சேருங்கள்.

நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று இருந்தால் அதையும் தகவல் உரிமையில் கேளுங்கள். மனையை இத்தனை மட்டத்துக்கு மேடாக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் அதில் இருக்கும். மேடானால் அந்தத் தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குத்தானே வரும்? ஆட்சேபத்தில் இதை முதல் பத்தியாகவே வையுங்கள்.

கோட்டூர்க்குடிமகன்:
நேரே தீர்ப்பாயம் போங்க சார். பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு 1 கி.மீ. சுற்றளவில் கட்டுமான அனுமதி தரக்கூடாதுன்னு 2025 செப்டம்பரிலேயே தீர்ப்பாயத்தோட உத்தரவு இருக்கே.

புலப்படம்:
அவசரப்பட வேண்டாம். எல்லை அளவீடு முடியும்வரை என்ற நிபந்தனையோடு வந்த உத்தரவு அது. நீங்கள் சொல்லும் நிலம் அந்த 1 கி.மீ.க்குள் வருகிறதா என்பதே முதலில் தெரிய வேண்டும். சதுப்புநிலத்தின் ராம்சர் எல்லை (சர்வதேச ஈரநிலப் பட்டியலில் உள்ள பரப்பு) 1,247.54 ஹெக்டேர், காப்புக்காடு அதைவிடச் சின்னது. இரண்டையும் குழப்பி மனுவில் எழுதினால் முதல் விசாரணையிலேயே அடிபடும். உத்தரவின் இன்றைய நிலையை வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுக் கடிதத்தில் சேருங்கள்.

தீர்ப்பாயத்தில் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 14ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போடக் கெடு 6 மாதம், காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். விண்ணப்பம் மட்டும் வந்த நிலையில் போனால், 'முதலில் அங்கே ஆட்சேபியுங்கள்' என்பார்கள். ஆனால் மண்ணடிக்கும் லாரி வந்துவிட்டால் காத்திருக்காதீர்கள். தேதியோடு படம், வட்டாட்சியருக்குப் புகார், பிறகு தீர்ப்பாயம்.

மழைமானி:
இன்னொரு கண்ணி. கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால்தான் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். ஒரே நிலத்தை இரண்டு மூன்று விண்ணப்பமாக உடைத்து அதற்குக் கீழே நிறுத்துவது நடக்கிறது. பொது வழி, நுழைவாயில் ஒன்றா என்று வரைபடத்தில் பாருங்கள். அனுமதிக்குப் போனாலும் கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்கள் வரும் பரிவேஷ் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, அனுமதி தரும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு நீங்களாகத்தான் எழுத வேண்டும்.

தெற்குவாசி:
புலப்படத்தில் வாய்க்கால் தனி எண்ணாக இருக்கிறது. அதை அளக்க யாரிடம் கேட்பது?

புலப்படம்:
வட்டாட்சியருக்கு மனு, நகல் நீர்வளத்துறை உதவிப் பொறியாளருக்கு. இடம் ஊராட்சி எல்லைக்குள் என்றால் அடுத்த கிராம சபையில் இதையே தீர்மானமாகப் போட்டு, சான்றிட்ட நகலை ஆட்சேபத்தோடு இணையுங்கள்.