எஸ்கேப் டு விக்டரி: அது எந்தக் கிளப்பின் கதை?

மதியக்காட்சி:
1981இல் வந்த இந்தப் படத்தை நேற்று மறுபடி பார்த்தேன். இரண்டாம் உலகப்போர்க் காலம்; ஜெர்மன் சிறைமுகாமிலிருந்து கைதிகளின் கால்பந்து அணி ஒன்று பாரிஸுக்குப் போய் ஜெர்மானியரோடு ஆடுகிறது. இடைவேளையில் தப்பியோடச் சுரங்கம் தயார், ஸ்கோர் 1-4. ஓடாமல் திரும்பி வந்து 4-4 ஆக்குகிறார்கள். கடைசியில் கூட்டம் மைதானத்துக்குள் பாய, அந்தக் களேபரத்தில் எல்லாரும் தப்பிவிடுகிறார்கள்.

இதற்கு மூலம் என்று சொல்லப்படும் உக்ரைனின் கீவ் நகரத்து ஸ்டார்ட் அணிக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. டைனமோ, லோகோமோட்டிவ் கிளப் ஆட்டக்காரர்கள் ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் ஒரு ரொட்டி ஆலையில் வேலைக்குச் சேர்ந்து அமைத்த அணி அது. 1942 ஆகஸ்ட் 9 அன்று ஜெர்மன் விமான எதிர்ப்புப் படையின் அணியை 5-3 என்று வென்றார்கள். அதற்குப் பரிசு மரணம். ஹாலிவுட் அதை நடிகர் ஸ்டாலோன் கோல்கீப்பராக நின்று பெனால்டி தடுக்கும் கதையாக்கிவிட்டது. எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஆஃப்சைடு அண்ணாச்சி:
எரிச்சல் சரி, ஆனால் நீங்கள் சொல்வதும் ஒரு சினிமாக் கதைதான், சோவியத் தயாரிப்பு. ஆட்டம் முடிந்ததும் சுட்டுவிடவில்லை. ஒரு வாரம் கழித்து, 16ஆம் தேதி, அதே ஸ்டார்ட், ருக் என்ற உள்ளூர் அணியை 8-0 என்று அடித்தது. கைது அதற்குப் பிறகுதான். அந்த வெற்றிக்காகத்தான் கொன்றார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லையென்று ஹாம்பர்க் அரசு வழக்குத் துறை 2005இல் விசாரணையையே மூடியது.

என்னைக் கேட்டால் படத்தில் இருக்கும் கிளப் இங்கிலாந்தின் இப்ஸ்விச் டவுன். ஜான் வார்க், ரஸ்ஸல் ஓஸ்மன், கெவின் ஓ'கல்லகன் என்று அதன் ஆட்டக்காரர்கள் நடித்திருக்கிறார்கள். அணியை நடத்துபவராக வரும் நடிகர் மைக்கேல் கெய்னுக்குப் பதிலாக ஓடியது கெவின் பீட்டி, ஸ்டாலோனுக்குப் பதிலாகப் பாய்ந்தது கோல்கீப்பர் பால் கூப்பர். படம் திரைக்கு வருமுன் அதே அணி உண்மையிலேயே ஐரோப்பியக் கிளப்புகளுக்கான யுஇஎஃப்ஏ கோப்பை வாங்கிவிட்டது! இடைவேளையில் 'ஜெயிக்கலாம்' என்று கிளப்பிவிடுவதும் ஓஸ்மன்தான்.

மதியக்காட்சி:
சுட்ட தேதி தள்ளிப்போனால் சுட்டது பொய்யாகிவிடுமா அண்ணாச்சி? கோல்கீப்பர் ட்ருசேவிச், குஸ்மென்கோ, கிளிமென்கோ மூவரும் 1943 பிப்ரவரியில் கீவில் இருந்த ஜெர்மானியரின் சிரெட்ஸ் முகாமில் சுடப்பட்டார்கள். இன்னொரு ஆட்டக்காரர் கொரொட்கிக் அதற்கு முன்பே காவலில் இறந்தார். டைனமோ சோவியத் காவல்துறையின் கிளப் என்பதால் பிடித்தார்கள் என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் அது இன்னும் கொடுமை. சட்டையில் இருந்த கிளப் பெயரே குற்றமாகிறது. படத்தில் எந்தக் கிளப்புக்காவது அப்படி ஒரு விலை இருக்கிறதா?

ஆஃப்சைடு அண்ணாச்சி:
இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓர் இடத்தைப் பாருங்கள். கெய்ன் கிழக்கு ஐரோப்பிய ஆட்டக்காரர்களைக் கேட்டு வாங்குகிறார். வந்து நிற்பவர்கள் எலும்பும் தோலும், நிற்கவே தெம்பில்லை. கெய்ன் முகம் மாறுகிறது. கீவ்காரர்கள் ரொட்டி ஆலைக்குப் போனதும் வயிற்றுக்காகத்தானே? அந்த இரண்டு நிமிடம் படம் பொய் சொல்லவில்லை. மற்றபடி ஓரமாக ஓடி ஆடும் விங்கர் ஓ'கல்லகனைக் கோல்கீப்பர் ஆக்கி, ஸ்டாலோனுக்கு இடம் கொடுக்க அவர் கையை உடைப்பதெல்லாம்... எந்த மேனேஜர் செய்வார்?

கார்னர்கொடி:
இருவரும் ஆட்டக்காரர்களையே பார்க்கிறீர்கள், தரையைப் பாருங்கள். பாரிஸ் என்று காட்டுவது புடாபெஸ்ட்டில் உள்ள எம்டிகே கிளப்பின் மைதானம். யூதர்களின் கிளப் என்று பெயர் வாங்கிய எம்டிகே, யூத எதிர்ப்புச் சட்டங்களின் காலத்தில், 1940இல் கலைக்கப்பட்டது. 1945இல்தான் மறுபடி ஆடியது. பெலே தலைக்கு மேல் உதைத்து கோல் போடுகிறாரே, அந்தப் புல் அவர்களுடையது.

மதியக்காட்சி:
இது எனக்குத் தெரியாது. படத்தில் எங்கேயாவது அதைச் சொல்கிறார்களா?

கார்னர்கொடி:
ஒரு வார்த்தைகூட இல்லை.

ஆஃப்சைடு அண்ணாச்சி:
அப்படியானால் இன்று இரவு மூன்றாவது தடவை பார்க்க வேண்டியதுதான். இப்ஸ்விச்சை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.