ஆலப்புழையில் கிடக்கும் பழைய கெட்டுவள்ளம்: வாங்கிச் சீரமைக்கலாமா?

குகை, சேலம்:
என் மைத்துனர் ஆலப்புழையில் இருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு அறைகள் கொண்ட தமது கெட்டுவள்ளத்தை, அதாவது படகு வீட்டை, விற்கிறார். கொரோனா ஊரடங்கில் ஓட்டம் நின்றதிலிருந்து கால்வாயோரம் கட்டியே கிடக்கிறது. மூங்கில் கூரை ஒரு பக்கம் சரிந்துவிட்டது. எஞ்சின் கிளம்பவில்லை. ஆனால் உள்ளே பலகைகள் கருகருவென்று திடமாகத்தான் தெரிகின்றன. விலையும் குறைவு.

அப்பா ஆயுள் முழுவதும் தச்சு வேலை செய்தவர். "மரம்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். வாடகைக்கும் விடலாம் என்று நினைக்கிறோம். அவருடைய ஆசையைத் தட்ட மனமில்லை. அவருடைய சேமிப்பைத் தண்ணீரில் போடவும் மனமில்லை. எதைப் பார்த்து முடிவு செய்வது?

குளச்சல் படகுத்தச்சர்:
தம்பி, கூரையும் பாயும் நல்ல படகிலேயே அவ்வப்போது மாற்றுகிறவை. எஞ்சினையும் பணம் இருந்தால் மாற்றிவிடலாம். தண்ணீருக்குள் இருக்கும் உடல்தான் படகு. அதைக் கரையேற்றிப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

கெட்டுவள்ளத்தின் உடலில் ஆணி கிடையாது. அயினிப் பலகைகளைத் துளையிட்டு, பொருத்துகளில் தேங்காய் நாரை அடைத்து, கயிற்றால் தைத்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார்கள். நீங்கள் பார்த்த கருமை அந்தப் பூச்சினுடையது. மரத்தின் திடத்தை அது காட்டாது. குத்தூசியைப் பொருத்துகளின் ஓரமாக அழுத்துங்கள். நல்ல மரம் நுனியைத் தடுக்கும், உளுத்த மரம் உள்ளே விடும். கயிற்றைக் கிள்ளிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் அந்த வரிசையைப் பிரித்துத் தைக்க வேண்டும். மாலையில் அடியில் தேங்கிய நீரை முழுவதும் இறைத்துவிட்டு, காலையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

கூரை சரிந்தது என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. பழைய மரப்படகை உளுக்க வைப்பது பெரும்பாலும் மேலிருந்து இறங்கும் மழைநீர்தான். உப்பு நீர் என்றால் மரம் துளைக்கும் புழு வேறு. வேம்பநாட்டுக் காயலில் உப்பு நீர் தெற்கே ஏறாமல் தடுக்கும் தண்ணீர்முக்கம் தடுப்பணைக்குப் படகு வடக்கே நிற்கிறதா, தெற்கேயா? வெளிப்புறம் ஃபைபர் உறை ஒட்டியிருக்கிறதா?

குகை, சேலம்:
தெற்கேதான் ஐயா. உறை ஒட்டியிருக்கிறது. விற்பவர் அதைத்தான் பெரிய பலமாகச் சொல்கிறார்.

குளச்சல் படகுத்தச்சர்:
தெற்கே என்றால் புழுப் பயம் குறைவு. உறைதான் சிக்கல். உள்ளே இறங்கிய மழைநீர் மரத்துக்கும் உறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் காயவே காயாது. வெளியே வழவழப்பாக இருக்கும், பின்னால் பலகை பஞ்சாகியிருக்கும். கரையேற்றியதும் சில இடங்களில் உறையை வெட்டிப் பார்க்க அவர் சம்மதிக்க வேண்டும். மறுத்தால் ஊர் திரும்புங்கள்.

அப்பாவுக்கு என் வணக்கம். அறை, கதவு, கட்டில் எல்லாம் அவர் கையால் நடக்கட்டும். தையல் வேலைக்குக் குட்டநாட்டு ஆசாரிகளை வையுங்கள். அது தனித் தொழில். கரையேற்றிய உடலை வெயிலில் நாள் கணக்கில் போட்டுவிடாதீர்கள், பலகை சுருங்கிப் பொருத்துகள் வாய்விடும். ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள்.

ஏற்காடு விடுதிக்காரர்:
வாடகைக்கு என்றால் மரத்துக்கு முன் காகிதத்தைப் பாருங்கள். 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு, ஆய்வுச் சான்று, காப்பீடு, தகுதிச் சான்று பெற்ற ஓட்டுநர் எல்லாம் தேவை. பதிவு உயிரோடு இருக்கிறதா, பெயர் மாற்ற முடியுமா என்பதை விற்பவரிடம் கேட்காமல் பதிவு அலுவலகத்திலேயே கேளுங்கள். வேம்பநாடு 2002 முதல் ராம்சர் ஈரநிலம், அதாவது பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ள முக்கியமான ஈரநிலம். கழிப்பறைக் கழிவை அதில் விட முடியாது, அதற்கான தொட்டிச் செலவையும் சேருங்கள்.

நான் இங்கேயே குடியிருந்து விடுதி நடத்துகிறேன், அதற்கே ஓய்வில்லை. சேலத்தில் இருந்துகொண்டு ஆலப்புழையில் விருந்தினரைக் கவனிப்பது அப்பாவின் வயதுக்கு ஆகாது. குடும்பம் போய்த் தங்குவதற்கென்று மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

குகை, சேலம்:
அப்பாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். வாடகை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். சென்னை–ஆலப்புழா எக்ஸ்பிரஸில் இருவருக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். கரையேற்றும் செலவு எங்களுடையது, முன்பணம் அதற்குப் பிறகுதான் என்று சொல்லியாயிற்று. உறையை மூன்று இடங்களில் வெட்ட விற்பவர் ஒப்புக்கொண்டார்.

குளச்சல் படகுத்தச்சர்:
அந்த மூன்று இடங்களை அவர் காட்டக் கூடாது, நீங்கள் தேர்ந்தெடுங்கள். கூரை சரிந்த பக்கத்துக்கு நேர் கீழே ஒன்று, எஞ்சினுக்கு அடியில் ஒன்று, கழிப்பறைக்கு அடியில் ஒன்று. மூன்றில் இரண்டு உளுத்திருந்தால் விலை பேசவே உட்காராதீர்கள்.