பொம்மை பேசும்போது ‘தம்பி’ ‘தந்தி’ ஆகிறது: ப, ம, வ-வுக்குத் தமிழில் என்ன வழி?

மயிலை_கதைசொல்லி:

வணக்கம். மாயக்குரல் (வென்ட்ரிலோக்விசம்) பயிற்சியில் இது ஆறாவது வாரம். தினம் 20 நிமிடம், கண்ணாடி முன்னால். உதடு அசைவது நின்றுவிட்டது. க, ச, ட, த, ந, ர, ல எல்லாம் சுத்தமாக வருகின்றன. மாட்டிக்கொண்டு நிற்பது ப, ம, வ மூன்றிலும்தான்.

ஆங்கிலப் பாடங்கள் எல்லாமே ஒன்றைத்தான் சொல்கின்றன: ‘பி’ வரும் இடத்தில் ‘டி’, ‘எம்’ வரும் இடத்தில் ‘என்’, ‘வி’ வரும் இடத்தில் ‘தட்’ என்ற சொல்லின் முதல் ஒலி, நாக்கை மேல்பல்லுக்குப் பின்னால் கொண்டுபோய், மனதில் மூல எழுத்தை நினைத்துக்கொண்டு சொல்ல வேண்டுமாம். அப்படியே செய்தால் பாய் ‘தாய்’ ஆகிறது, மாடு ‘நாடு’ ஆகிறது, தம்பி ‘தந்தி’ ஆகிறது, அவன் ‘அதன்’ ஆகிறது. வேகமாகச் சொன்னாலும் நிதானமாகச் சொன்னாலும் இதே கதிதான்.

பொம்மை சாதாரண காலுறைப் பொம்மை, வாய்க்குள் அட்டை ஒட்டியது. பெயர் பாப்பு. அரை மணி நேரத்தில் அட்டை நெளிந்துவிடுகிறது. கேட்கப்போவது ஓர் அறையில் 20 குழந்தைகள், மைக் கிடையாது. தமிழுக்கென்று தனி முறை ஏதாவது உண்டா?

---

குரல்வளை:

உங்கள் நாக்கில் தப்பில்லை. அந்தக் குறிப்பு ஆங்கிலத்துக்கு எழுதியது, தமிழுக்குப் பொருந்தாது.

ஆங்கில ‘டி’ பல்லில் பிறப்பதில்லை, பல்லுக்கு மேலே ஈறு மேட்டில் பிறக்கிறது. நாக்கை அங்கிருந்து பல்லுக்கு இறக்கினால் அவர்கள் மொழியில் இல்லாத ஒரு ஒலி வரும். ‘டி’ போலவும் இருக்காது, ‘பி’ போலவும் இருக்காது. கேட்பவர் காது அதை ‘பி’ பக்கம் தள்ளிக்கொள்ளும். நம் த, ந இரண்டுக்கும் பல்லடிதான் சொந்த வீடு. நாநுனி பரந்து பல்லின் அடியில் ஒற்றப் பிறப்பவை என்று தொல்காப்பியப் பிறப்பியலே சொல்கிறது. ப, ம இதழ் இயைந்து பிறப்பவை, வ பல்லும் இதழும் இயையப் பிறப்பது. ஆக, நாக்கைப் பல்லுக்குப் பின்னால் வைத்தால் நமக்குக் கிடைப்பது அசல் த. காது ஏமாற இடமே இல்லை.

எனவே இன்னும் முன்னால் போக வேண்டும். உதடுகளுக்கு இடையே ஒரு 5 மி.மீ., பற்களுக்கு இடையே 2–3 மி.மீ. இருக்கட்டும். நாநுனியால் தொடாதீர்கள். நுனியைக் கீழ்ப்பல்லின் உள்பக்கம் படுக்க வைத்து, அதற்கு அடுத்த தட்டையான பகுதியை மேல்பல்லின் வெட்டு விளிம்பில் அழுத்துங்கள். அந்தப் பகுதி மேலுதட்டின் உள்பக்கத்தை லேசாகத் தொட்டால் இன்னும் நல்லது. நாக்கு உதடு மாதிரி வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தில் வைத்த கேமராவில் நாக்கு கொஞ்சம் தெரியும். நாலைந்து அடி தள்ளி உட்கார்ந்த குழந்தைக்குத் தெரியாது.

இடம் பாதி வேலைதான். விடும் விதம் மீதி. த-வின் வெடிப்பு கூர்மையானது, ‘ட்ஸ்’ என்று ஓரம் இருக்கும். ப-வின் வெடிப்பு மந்தமானது, ஒரு மெத்தையைத் தட்டினாற்போல. காற்றைக் குறைத்து, நாக்கைத் திடீரென்று எடுக்காமல் உரித்தெடுப்பதுபோல எடுங்கள். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். உதடு அசையக்கூடாது என்ற பதற்றத்தில் காற்றைக் கூட்டிவிடுகிறார்கள், உடனே த-வின் ஓரம் வந்துவிடுகிறது.

ம-வுக்கும் அதே இடம், காற்று மட்டும் மூக்கு வழியே. சொல்லின் முதலில் ம கடினம், ஏனென்றால் ந-வும் அங்கே வரும் (மாடு/நாடு, மடி/நடி, மனை/நனை). நடுவில் இரட்டிக்கும்போது எளிது. ‘அம்மா’வில் றன்னகர ஒலி வந்தால் ‘அன்னா’ என்று கேட்கும். ‘அந்த’ என்பதில் த-வுக்கு முன் வருகிற ந-வை நீட்டினால் அப்படி வேறு சொல்லே தமிழில் இல்லை என்பதால் காது ‘அம்மா’ என்றே எடுத்துக்கொள்ளும். கடைசி ம் இலவசம். மரம், பணம், படம் என்று பேச்சில் சொல்லும்போது நாம் உதட்டை மூடுவதே இல்லை, கடைசி உயிரை மூக்கால் முடிக்கிறோம். பொம்மையும் அப்படியே முடிக்கட்டும். எழுத்தைப் பார்த்து ‘ம்’ என்று அழுத்தாதீர்கள்.

வ-வுக்கு ஆங்கில வழியை முழுக்க விட்டுவிடுங்கள். இரண்டு உயிருக்கு நடுவில் வரும் நம் த-வே (அது, இதை) அந்த ‘தட்’ ஒலிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் ‘அதன்’. உதட்டைக் குவிக்காமல் ஒரு குட்டி உகரம் சொல்லி அடுத்த உயிருக்குச் சறுக்குங்கள்: அ-உ-அன், உ-ஆ, உ-அந்தான். மெதுவாகச் சொன்னால் அபத்தமாக இருக்கும், பேச்சு வேகத்தில் வ ஆகிவிடும். பேச்சு வடிவம் பாதி வ-க்களைத் தானே விழுங்கியும்விடுகிறது: வந்துவிட்டான் என்பது ‘வந்துட்டான்’, போகவில்லை என்பது ‘போகலை’.

‘ஃபோன்’, ‘காஃபி’ பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ‘போன்’, ‘காப்பி’யைவிட அவைதான் சுலபம். நாநுனியை மேல்பல் விளிம்பில் மெல்ல வைத்துக் காற்றை மட்டும் விட்டால் போதும். அந்த ஒலிக்குத் தமிழில் போட்டியே கிடையாது.

பயிற்சி வரிசை: முதலில் இதழ் ஒட்டாத வாக்கியங்களில் குரலை நிலைநிறுத்துங்கள். நம் மரபில் இதற்கு நிரோட்டகம், இதழகல் என்றே பெயர் உண்டு. துறைமங்கலம் சிவப்பிரகாசர் அந்தக் கட்டுப்பாட்டில் ஓர் அந்தாதியே பாடியிருக்கிறார். பாடத் தெரிந்தால் நிரோஷ்டா ராகத்தின் ஆரோகண அவரோகணத்தைப் பொம்மைக் குரலில் ஸ்வரமாகப் பாடுங்கள். ச ரி க த நி மட்டும்தான், ம-வும் ப-வும் கிடையாது. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் உருவாக்கியது. பேச்சுக்கு: ‘எனக்கு நாலு இட்லி, சட்னி தனியா’, ‘நீ ஏன் இன்னிக்கு சிரிக்கிற’. இவை தூக்கத்திலும் வரும் என்ற பிறகு, நாளுக்கு ஓர் எழுத்து. பாய்/தாய், பட்டு/தட்டு, பலம்/தலம் என்று ஜோடியாகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

தேர்வு கண்ணாடியில் அல்ல. 20 சொற்களைப் பதிவு செய்து வேறொருவரிடம் கொடுத்துக் காதால் கேட்டு எழுதச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது உங்களுக்குத் தெரியும் என்பதால் உங்கள் காது நல்ல நீதிபதி அல்ல. தனிச்சொல்லில் 12 சரியாக வந்தாலே வாக்கியத்தில் எல்லாம் புரியும். கடினச் சொற்களை அதற்குப் பிறகு எடுங்கள்: பாம்பு, பம்பரம், மாம்பழம், கடைசியாக வேப்பம்பூ.

---

பாரிமுனை_பாவைக்காரர்:

மேலே சொன்னதெல்லாம் வாய்க்குள் நடப்பது. சபையில் பாதி ‘ப’ பொம்மையின் வாயில்தான் பிறக்கிறது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

உதடு ‘க’ என்று அசைவதைப் பார்த்துக்கொண்டே ‘ப’ ஒலியைக் கேட்டால் பலர் காதில் ‘த’ விழுகிறது என்று மெக்கர்க்கும் மெக்டொனால்டும் 1976-இல் எழுதினார்கள். கண் காதைத் திருத்துகிறது. நமக்கு இது வரம். ப, ம வரும் கணத்தில் பொம்மையின் வாய் முழுக்க மூடியிருந்தால், அரைகுறை ‘ப’கூட ‘ப’ என்றே கேட்கும். அந்த நேரத்தில் வாய் திறந்திருந்தால் எவ்வளவு நல்ல ‘ப’வும் ‘த’தான்.

உயிருக்குத் திறப்பு, ப ம-வுக்கு மூடல். ‘அம்மா’ என்றால் திற, மூடு, திற. ‘தம்பி’ என்றாலும் திற, மூடு, திற. நடுவில் ஒரு கணம் மூடியே இருக்க வேண்டும். திறக்கும்போது நாலு விரலை மேலே தூக்காதீர்கள், கட்டைவிரலைக் கீழே இறக்குங்கள். விரல் தூக்கினால் பொம்மையின் தலை பின்னால் சாய்ந்து, கண் விட்டத்தைப் பார்க்கும். புதியவர்கள் இன்னொன்றும் செய்வார்கள்: சொல் முடியும்போது வாயைக் கடிப்பதுபோல ‘டப்’ என்று மூடுவது. பேச்சு தின்கிற மாதிரி ஆகிவிடும்.

அட்டை நெளிவது வியர்வையால். சென்னை ஈரக்காற்றில் எந்த அட்டையும் நிற்காது. பிளாஸ்டிக் ஃபைல் உறையில் இரண்டு அரைவட்டம் வெட்டுங்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், சுமார் 8 செ.மீ.; நேர்விளிம்புகளுக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளி விட்டுத் துணிநாடாவால் இணைத்தால் கீல் தயார். கீலை அட்டையின் மடிப்பாக விட்டால் முதலில் கிழிவது அதுதான். தகட்டின் உள்பக்கம் கட்டைவிரலுக்கு ஒன்று, நாலு விரலுக்கு ஒன்று என்று எலாஸ்டிக் பட்டை தைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வியர்த்த கை வழுக்கி, வாய் பாதியில் நின்றுவிடும். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டால் பொம்மையைத் துவைக்கும் வேலையும் குறையும்.

பிறகு நுரைப்பொம்மைக்குப் போனால் அரை அங்குல நுரை போதும். மெத்தைக் கடையில் துண்டாகவே தருவார்கள். கான்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகே சேர்க்க வேண்டும். ஈரத்தோடு சேர்த்தால் பிரிந்துவிடும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், பசை இளகும்.

பெயரை மாற்றுங்கள். பாப்பு என்று பொம்மை தன்னையே சொல்லிக்கொள்வதற்குள் இரண்டு ப, ஒரு ப்ப என்று கஷ்டப்படும். சிட்டு, கிட்டு, சின்னி எல்லாம் நல்ல பெயர்கள். அது உங்களை ‘அக்கா’ என்று கூப்பிடட்டும். மாமா, அம்மா, அப்பா வேண்டாம்.

கடினச் சொல்லை முதலில் நீங்கள் சொல்லுங்கள். ‘பம்பரமா வேணும்?’ என்று நீங்கள் கேட்டு, ‘ஆமா, பம்பரந்தான்!’ என்று அது பதில் சொன்னால், காது ஏற்கெனவே தயாராக இருக்கும்.

---

ராயபுரம்_நாக்கு:

ஒரு சின்னத் திருத்தம், பாவைக்காரர் ஐயா. பாப்புவில் முதலில் ஒரு ப, நடுவில் ஒரு ப்ப, அவ்வளவுதான். பெயரை மாற்றச் சொன்னது ரொம்பச் சரி.

குரல்வளையிடம் ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். பேச்சுத்தமிழ் எப்போதும் உதவாது. ப, வ-வுக்குப் பின்னால் வரும் இகர எகரத்தை நாம் உகர ஒகரமாக்கிவிடுகிறோம்: பெண் ‘பொண்ணு’, பிடி ‘புடி’, பெட்டி ‘பொட்டி’, வீடு நம்ம பக்கம் ‘ஊடு’. ஒரு தடைக்கு இரண்டு தடை, ஏனென்றால் உ, ஊ, ஒ, ஓ எல்லாம் உதடு குவிபவை. இந்தச் சொற்களில் மட்டும் பொம்மை எழுத்துத்தமிழ் பேசட்டும். பெட்டி, பிடி. குழந்தைகள் வித்தியாசம் பார்க்க மாட்டார்கள்.

சொல்லின் கடைசி உகரத்தை (காசு, நாடு, எனக்கு) கண்டு பயப்பட வேண்டாம், பேச்சில் அது குவியாமலே வருகிறது. முதல் எழுத்து உகரம்தான் வேலை வாங்கும்.

---

மயிலை_கதைசொல்லி:

பெயர் இன்று முதல் சிட்டு. தட்டை நாக்கில் ‘பாய்’ வந்துவிட்டது, ‘தம்பி’ பத்துக்கு ஆறு. இரண்டு சந்தேகம். ‘பூ’ எப்படிச் செய்தாலும் ‘தீ’ ஆகிறது. இன்னொன்று, 15 நிமிடத்திலேயே தொண்டை கரகரக்கிறது. வயிற்றை இறுக்கி, தொண்டையை நெருக்கி, தேனீ மாதிரி முனகும் பயிற்சியைத்தான் முதலில் செய்கிறேன்.

---

குரல்வளை:

ராயபுரத்தாரின் திருத்தத்தை ஏற்கிறேன், ‘பொட்டி’யை யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

‘தீ’ கேட்கிறதென்றால், சிரித்த உதட்டோடு சேர்ந்து நாக்கும் முன்னால் வந்துவிடுகிறது. உதடு செய்யாத குவிப்பை நாக்கின் பின்பகுதி செய்ய வேண்டும். நாக்கின் பின்பக்கத்தை ‘க’ சொல்லும் இடத்துக்கு அருகே ஏற்றி, கொட்டாவி வரும்போது இறங்குவதுபோலக் குரல்வளையைக் கொஞ்சம் இறக்குங்கள். வாய்க்குள் குகை நீளும், ஒலி இருண்டு ஊ-வாகும். முதலில் ‘கூ’ சொல்லிப் பழகுங்கள், க நாக்கை ஏற்கெனவே அங்கே கொண்டுபோய் வைத்துவிடும். கூ, நூ, பிறகு பூ. சிரிப்பையும் குறையுங்கள், லேசாகத் திறந்த சாதாரண முகமே போதும்.

தேனீ முனகலை உடனே நிறுத்துங்கள். அது தூரக் குரலுக்கான பயிற்சி: பெட்டிக்குள்ளிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் காட்ட. கையில் உட்கார்ந்து பேசும் பொம்மைக்குத் தொண்டையை நெருக்கவே தேவையில்லை. குரலை யாரும் எங்கும் வீசுவதில்லை; அசையும் வாயிலிருந்துதான் சத்தம் வருகிறது என்று பார்ப்பவர் மூளை முடிவு செய்துகொள்கிறது. சிட்டுவின் குரல் உங்கள் குரலைவிட மூன்று நாலு ஸ்வரம் மேலே, கொஞ்சம் மூக்கொலியோடு இருந்தால் போதும். 5 நிமிடம் சிட்டு, 2 நிமிடம் உங்கள் சொந்தக் குரல், ஒரு வாய் தண்ணீர் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கரகரப்பு அன்றே போகவில்லை என்றால் மறுநாள் குரலுக்கு விடுமுறை, கையசைவு மட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஒன்று மறந்துவிட்டது. ஆங்கிலக் கலைஞர்களின் காணொளிகளைவிட ராம்தாஸ் பாத்யே அர்தவட்ராவ் பொம்மையோடு செய்யும் இந்தி, மராத்தி நிகழ்ச்சிகளைக் கேளுங்கள். அந்த மொழிகளிலும் ‘த’ பல்லில்தான் பிறக்கிறது. பார்க்காமல் ஒருமுறை கேளுங்கள், பிறகு பார்த்துக்கொண்டே ஒருமுறை.

---

பாரிமுனை_பாவைக்காரர்:

எண்ணிக்கைத் திருத்தத்துக்கு நன்றி ராயபுரத்தாரே.

கதைசொல்லிக்கு: 20 குழந்தைகள், மைக் இல்லை என்றால் அரைவட்டமாக உட்கார வையுங்கள், ஆனால் இரண்டு ஓரத்தையும் ரொம்ப வளைக்காதீர்கள். பக்கவாட்டில் இருப்பவருக்குத்தான் தாடை அசைவதும் தொண்டைக் குழி ஏறி இறங்குவதும் தெரியும். சிட்டு பேசும்போது நீங்கள் அதன் கண்ணைப் பாருங்கள், குழந்தைகளைப் பார்க்க வேண்டாம். நீங்கள் பேசும்போது சிட்டு உங்களைப் பார்க்கட்டும், வாய் மூடியபடி.